சுண்ணாம்பு படாத மூலை

சாவி என்கிட்ட இல்லீங்க தம்பி. நியாயமா பாத்தா என்கிட்டதான் இருக்கணும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு சுவரு. ஆனா அந்தம்மா சாவியைக் கொண்டுபோய் முக்குல பெள்ளியண்ணன் கடையில குடுத்துட்டுப் போயிருக்காங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க. கடை சாத்தியிருக்குதா? சோறுண்ணப் போயிருப்பார், வந்துருவார். மழை வலுக்குது பாருங்க, ஏன் கேட்டுல நின்னு நனையறீங்க? உள்ள வாங்க. செருப்போடயே வாங்க, தரை ஜில்லுன்னு இருக்கும். அந்த சேர்ல உக்காருங்க. அதுல வேண்டாம், அது எங்க வீட்டுக்காரர் சேரு, அவரு போனதுல இருந்து ஒரு காலு ஆடுது.

பேங்குக்கு மாத்தலாகி வந்திருக்கீங்களா? கோத்தகிரி பிராஞ்சுக்கா? சம்சாரம் அடுத்த மாசம் வருதா? நல்லதுங்க. வீடு நல்ல வீடு, கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம். சுவத்துல ஓதம் ஏறுமான்னு கேப்பீங்க. இந்த மலையில எந்த வீட்டுக்குங்க ஓதம் ஏறாது? அதையெல்லாம் பாத்தா இங்க குடியிருக்க முடியாது. வெயில் நல்லா விழும், தண்ணிக்குப் பஞ்சமில்லை. எனக்கும் பக்கத்துல ஒரு பேச்சுச் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும். ஆனா இதுக்கு முன்னாடி இருந்தவங்களைப் பத்தி மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. நான் ஆரைப் பத்தியும் புறணி பேசறவ இல்லை. குன்னூர் டெலிபோன் எக்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவ. ஊர்ப் பேச்செல்லாம் காதுல விழும், வாயில வராது. அப்படிப் பழகின வாயி.

கேக்கலையா? சரி, கேக்காட்டி என்ன, குடி வரப் போறவங்க நாலும் தெரிஞ்சுக்கணும்ல.

டீ போட்டிருக்கேன், குடிங்க. தினமும் ரெண்டு டம்ளர் போட்டுப் பழகிருச்சு, அளவு கைக்கு வந்துருச்சு, மாத்த முடியலை. மிச்சத்தைச் சாயந்திரம் சுட வெச்சுக் குடிச்சுக்குவேன்.

அந்தத் தொட்டியையே பாக்கறீங்க. எல்லாரும் பாப்பாங்க. நாவப்பழமான்னு கேட்டவங்க உண்டு, களாக்காயான்னு கேட்டவங்க உண்டு. ரேஷன் கார்டு விசாரிக்க வந்த ஒரு பொண்ணு மணத்தக்காளி இத்தனை பெருசா வருமாங்கன்னு கேட்டுச்சு. அது புளூபெரிங்க. இந்த ஊர்ல வீட்டுல வெச்சுக் காய்க்க விட்டவ எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்திதான். பழத்து மேல சாம்பல் பூசின மாதிரி இருக்குல்ல, அது அழுக்கில்லை, தானா படியற மாவு. தொட்டா போயிரும். தொடாதீங்க! நீலமாயிட்டா பழுத்துருச்சுன்னு நினைப்பாங்க. இல்லை. காம்புகிட்ட செவப்பா ஒரு வளையம் இருக்கும், அது மறையணும். அதுவரைக்கும் பல்லு கூசற புளிப்பு. இந்தக் கொண்டைக்குருவிகளுக்கு அது தெரியும், எனக்கு முந்தி அதுக பறிச்சுரும்.

எதுக்கு வெச்சேன்னு கேளுங்க.

எம்மக இந்துமதி அயர்லாந்துல இருக்கா. எம்பேத்தி பேரு நேயா. வீடியோவுல பாப்பேன். அந்தக் குழந்தை ஒரு டப்பா புளூபெரியை மடியில வெச்சுட்டு, நாம கடலை திங்கற மாதிரி திங்கும். வாங்க கண்ணு, வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போங்கன்னு கூப்பிட்டேன். இந்து சொன்னா, "அம்மா, இது இல்லாட்டி அவளுக்குக் காலையில ஒண்ணுமே இறங்காது. அங்க வந்து இதுக்கு எங்க போறது? கொஞ்சம் பெரியவளாகட்டும், வரோம்."

அவ்வளவுதானே? இந்தப் பழம் இல்லைங்கறதுதானே உங்க கஷ்டம்? சரி, நான் வளத்துக் காட்டறேன்னு எறங்கிட்டேன்.

சிரிக்காதீங்க தம்பி. ஒருத்தர் ஒரு காரணம் சொன்னா அதைச் சரி பண்ணிக் குடுக்கணும். லைன் கிடைக்கலைன்னா எந்த எடத்துல அறுந்திருக்குன்னு பாத்து ஆளை அனுப்பணும். நான் பாத்த உத்தியோகம் அது.

பெங்களூர்ல ஒரு நர்சரிக்காரர் நம்பரைப் புடிச்சேன். ரெண்டு செடி அனுப்பினார், ரெண்டும் வேற வேற ஜாதி. ஒண்ணு போதாதாங்கன்னு கேட்டேன். "ஒத்தைச் செடி பூக்கும்மா, ஆனா காய் சரியா புடிக்காது. பக்கத்துல இன்னொரு ஜாதி இருக்கணும், தேனீ இதுக்கும் அதுக்கும் போய் வரணும்"னார். மண்ணு புளிப்பா இருக்கணுமாம். நம்ம மலை மண்ணு தேயிலைக்கு ஆகற மண்ணு, அது ஒத்துக்கும். குழாத்தண்ணி ஆகாது, மழைத்தண்ணி புடிச்சு வெச்சு ஊத்தணும். பைன் மரத்து ஊசி இலையைக் கொண்டாந்து அடியில மெத்தையாட்டம் போடணும். சாம்பல் கூடாது. சுண்ணாம்பு கூடவே கூடாது. சுண்ணாம்பு பட்டா மண்ணுல புளிப்பு செத்துரும், இலையெல்லாம் மஞ்சக் கட்டி செடியும் போயிரும். அந்த மனுசன் இதை மட்டும் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

இதை நான் அந்தம்மாகிட்ட சொன்னேனா? சொல்லியிருப்பேன். சொல்லாமயா இருந்திருப்பேன்? அப்ப நாங்க பொழுதன்னிக்கும் பேசிட்டு இருந்த காலம்.

அந்தம்மா பேரு பூவாத்தா. என்னைவிட நாலஞ்சு வயசு மூப்பு. வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில லாரி ஓட்டினவரு, அவரு காலமாகி ரொம்ப வருசமாச்சு. ஒரே பையன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவங்களுக்குப் பல்லடம் பக்கம், எனக்கு அன்னூர். ரெண்டு பேரும் கீழ்நாட்டுக்காரங்க, அதனால பழக்கம் ஒட்டிக்கிச்சு. சுவரு அப்ப இடுப்பு உசரம்தான். அரிசியும்பருப்புஞ் சோறு ஆக்கினா ஒரு கிண்ணம் சுவரு மேல வந்துரும். விடியறதுக்கு முன்னாடி அங்கிருந்து ஒரு குரல் வரும், "சுலோ, எந்திரிச்சாச்சா?" நான் படுக்கையில இருந்தே ஒரு இருமல் இருமுவேன். இருமினா எந்திரிச்சாச்சுன்னு அர்த்தம். ஒரு நாள் கொஞ்சம் அசந்து தூங்கிட்டேன், பூவக்கா சுவரேறிக் குதிச்சு வந்து கதவைத் தட்டறாங்க! அந்த வயசுல! கால்ல சிராய்ப்பு வேற. நல்லா திட்டி விட்டேன்.

செடிக்கு அமெரிக்காக் களாக்கான்னு பேரு வெச்சாங்க. அமெரிக்கா இல்லக்கா, அயர்லாந்துன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எல்லாம் கடலுக்கு அக்கட்டாலதான சுலோன்னுருவாங்க. முதல் வருசம் பூவையெல்லாம் கிள்ளிப் போடணும், அப்பத்தான் செடி தேறும். நான் கிள்ளக் கிள்ள அவங்க நின்னு பாத்துட்டு, "ஏஞ்சாமி, பாவமில்லையா"ன்னு கீழ விழுந்த பூவைப் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டாங்க. வெள்ளைப் பூவு, குட்டி மணியைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கும்.

மூணாவது வருசம் ரெண்டு செடியும் காய் புடிச்சுது. பச்சைக் காயைப் போட்டோ எடுத்து இந்துவுக்கு அனுப்பினேன். நம்ப மாட்டீங்க, அன்னைக்கே போன் பண்ணினா. "சித்திரையில ஈஸ்டர் லீவு விடறாங்கம்மா, வரோம், டிக்கெட் போட்டாச்சு." பாத்தீங்களா? காரணத்தைச் சரி பண்ணினேன், லைன் கிடைச்சுது.

பூவக்காகிட்டதான் முதல்ல சொன்னேன். அதுதான் நான் பண்ணின தப்பு. கடை, கோயிலு, பஸ் ஸ்டாப்புன்னு ஒரு எடம் பாக்கியில்லை. சுலோ மக வருது, சுலோ பேத்தி வருதுன்னு சொல்லிச் சொல்லி ஊரே என்னைப் பாத்தா எப்ப எப்பன்னு கேக்க ஆரம்பிச்சுருச்சு. மாரியம்மன் நோம்பி, அதான் கோயில் திருவிழா, அதுவும் அதே வாரம்தான். குழந்தைக்குத் தீச்சட்டி எடுக்கற பூவோடு காட்டலாம், மாவிளக்கு புடிக்க வெக்கலாம்னு அவங்க பாட்டுக்குத் திட்டம் போட்டுட்டு இருந்தாங்க.

பங்குனிக் கடைசியில இந்து மறுபடி போன் பண்ணினா. மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். நேயாவை நீச்சல் வகுப்புல சேத்துட்டாங்களாம். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணியாச்சாம். பரவாயில்லை கண்ணு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்.

அது வேற விசயம். நான் சொல்ல வந்தது செடி விசயம்.

இல்லை, பூவக்காகிட்ட அதைச் சொல்லலை. எப்படிங்க சொல்றது? நோம்பி நெருங்குது. அவங்க தினமும் விரல்விட்டு நாள் எண்றாங்க. கோயில்ல நோம்பி சாட்டி ஊரெல்லாம் வேப்பிலை கட்டியாச்சு. நான் ஒரு பையைத் தூக்கிட்டுக் கிளம்பினேன். "ஏர்போர்ட்டுக்கா சுலோ?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். வேற என்னத்தைச் சொல்ல? கோயமுத்தூர்ல எங்கண்ணன் வீட்டுல ரெண்டு நாள் இருந்தேன். கண்ணு டாக்டரையும் பாக்க வேண்டியிருந்துச்சு, அதனால பொய்யின்னும் சொல்ல முடியாது. திரும்பி வந்து, பிளைட்டு ரத்தாயிருச்சுன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

நோம்பின்னா எங்க பக்கம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறது வழக்கம். உங்களுக்குத் தெரியும்ல? சுவத்தோட நிறுத்த மாட்டாங்க. படிக்கு அடிப்பாங்க, துவைக்கற கல்லுக்கு அடிப்பாங்க, மரத்துக்கெல்லாம் அடியில அடிச்சு நடுவுல காவிப் பட்டை போடுவாங்க. மிச்சச் சுண்ணாம்புத் தண்ணியை வேருல ஊத்திருவாங்க, கரையான் ஏறாதுன்னு. தென்னைக்கும் கொய்யாவுக்கும் ஊத்திப் பழகின கை.

பஸ்ஸை விட்டு எறங்கி நடந்து வரேன். என்ற வீடு எனக்கே அடையாளம் தெரியலை. வெள்ளை வெளேர்னு நிக்குது. எனக்கு முட்டுவலி, நாலஞ்சு வருசமா நான் சுண்ணாம்பு அடிக்கலை. ரெண்டு நாளா ஒத்தை ஆளா நின்னு அடிச்சிருக்காங்க. கேட்டுல மாவிலை. வாசலடைச்சுக் கோலம். அந்தம்மா கல்யாணப் பட்டுச்சேலையைக் கட்டிட்டு ஆரத்தித் தட்டோட நிக்கறாங்க, மயிருல எல்லாம் சுண்ணாம்புத் திட்டு. என்னைப் பாக்கவேயில்லை. எனக்குப் பின்னாடி எட்டி எட்டிப் பாக்கறாங்க.

"எங்க சுலோ? டாக்சி பின்னால வருதா? குழந்தை தூங்கிருச்சா?"

அப்பத்தான் தொட்டியைப் பாத்தேன். ஒரு தொட்டிக்கு உள்ளயும் வெளியயும் சுண்ணாம்பு. நடுவுல காவிப் பட்டை. மண்ணு மேல பாலை ஊத்தின மாதிரி சுண்ணாம்புத் தண்ணி நிக்குது. அடுத்த தொட்டிக்குப் பத்தலை போல, தப்பிச்சுருச்சு.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்துச்சோ தெரியலீங்க. தெருவே வந்துருச்சு. என்ற குடியைக் கெடுத்துட்டியேன்னு கத்தறேன். நாசமாப் போறவளே, உன்னை ஆரு என்ற வாசப்படி மிதிக்கச் சொன்னதுன்னு கத்தறேன். மூத்தவங்களை நீ வா போன்னு பேசினது அன்னைக்கு ஒரு நாளுதான். "இந்தச் செடியைக் காட்டித்தான எம்மகளை வரச் சொன்னேன், இனி எதைக் காட்டிக் கூப்பிடுவேன்?"னு கத்தறேன்.

அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? மன்னிச்சுக்கன்னு சொன்னாங்களா? இல்லை. பக்கத்துல வந்து, மெதுவா, ஆருக்கும் கேக்காத மாதிரி, "குழந்தை வரலையா சுலோ?"ன்னு கேட்டாங்க.

பாத்தீங்களா? செடி செத்துட்டு இருக்குது, இவங்களுக்கு அந்தக் கேள்வி!

செடியை வேரோட புடுங்கிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் வீசினேன். உன்ற சுண்ணாம்பை நீயே வெச்சுக்கன்னேன். கை பட்டு ஆரத்தித் தட்டு சாஞ்சு, அந்தச் செவப்புத் தண்ணி கோலத்து மேல ஓடிருச்சு. அடுத்த வாரமே ஆளை வெச்சு அந்தச் சுவரு மேல தகரம் அடிச்சேன். அதோ தெரியுது பாருங்க, அதுதான். காத்தடிச்சா டமடமன்னு அடிச்சுக்கும். இப்ப நீங்க குடி வந்தா கழட்டிரலாம்.

அந்தச் சுண்ணாம்பாலதான் எம்மக வரலை. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினது அதுக்கு முன்னாடிதான், இல்லைங்கலை. ஆனா ரெண்டு செடியும் குலுங்கக் குலுங்கக் காய்ச்சிருந்தா, அதை வீடியோவுல காட்டியிருந்தா, அடுத்த வருசமாவது வந்திருப்பாளா மாட்டாளா? சொல்லுங்க. நீங்க படிச்சவங்க.

டீ ஆறுது, குடிங்க.

தகரம் அடிச்ச பொறவு அந்தம்மா என்னைப் படுத்தின பாடு இருக்கே. தினம் விடியக் காத்தால வாளியைக் கொண்டாந்து சுவத்தோரமா துவைக்கற கல்லு மேல டங்கு டங்குன்னு அடிக்கறது. துணி துவைக்கற சத்தமும் இல்லை, தண்ணி புடிக்கற சத்தமும் இல்லை, சும்மா அடிக்கறது. என்ற தூக்கத்தைக் கெடுக்கணும், அவ்வளவுதான். நான் கோவத்துல எந்திரிச்சுக் கதவைப் படார்னு திறப்பேன். உடனே நிறுத்திருவாங்க. இப்ப அவங்க போய் ஒரு மாசமாச்சு, அந்தத் தொல்லை இல்லை. நிம்மதியா தூங்கலாம். ஆனா அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துருது. முழிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்.

அப்பறம் கஞ்சத்தனம். வீட்டுல கேஸ் இருக்குது, பையன் வாங்கிக் குடுத்திருக்கான். இவங்க சர்ச்சு மேட்டுல இருந்து பைன் இலையைச் சாக்குச் சாக்கா தலையில சுமந்துட்டு வருவாங்க. வெந்நீர் வெக்கத்தான், வேற எதுக்கு? என்ற கேட்டைத் தாண்டும்போது தலையைக் குனிஞ்சுக்குவாங்க. நானும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.

மனுசன்னா பெள்ளியண்ணன் மாதிரி இருக்கணுங்க. எனக்கு அவரு ஒறம்பரை இல்லை, சாதிசனம் இல்லை, படகர் அவரு. போன வருசம் காய்ச்சல்ல விழுந்துட்டேன். கதவைக் கூடத் திறக்க முடியலை. ஆரு சொன்னாங்களோ, மனுசன் பிரெட்டு, பாலு, மாத்திரைன்னு வந்து நிக்கறார். எப்படிண்ணா தெரியும்னா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னார். அவருக்கு என்ற செடி மேல அத்தனை அக்கறை. இலை மஞ்சக் கட்டின புளூபெரியைக் காப்பாத்த முடியுமாக்கான்னு ஒரு நாள் கேட்டார். ஏண்ணா, உங்களுக்கு எதுக்குன்னா, ஒருத்தங்க கேட்டாங்கன்னார். நான் விலாவாரியா சொன்னேன். பழைய மண்ணை ஒரு பொட்டு இல்லாம அலசி எடுங்க, தேயிலைக் காட்டு மண்ணுல வைங்க, குழாத்தண்ணி ஊத்தாதீங்க, பைன் இலை போடுங்க, கிட்டத்துல சுண்ணாம்பே இருக்கக் கூடாதுன்னு. மனுசன் பாடம் கேக்கற மாதிரி கேட்டுட்டுப் போனார்.

என்ற ஒத்தைச் செடி போன வருசம் காய்ச்சுதா? எங்க? பூத்துது, நாலு காய் சுண்டிப் போய் நின்னுச்சு. நர்சரிக்காரர்கிட்ட கேட்டேன். "ஒத்தையா இருந்தா அப்படித்தாம்மா. இன்னொண்ணு வாங்கி வைங்க"ன்னார். வேண்டாம்னுட்டேன். எதுக்குங்க? ஆரு வந்து திங்கப் போறாங்க?

இந்த வருசம்தான் இப்படிக் குலுங்குது. எல்லாம் என்ற கவனிப்பு. ஜோடியில்லாம எப்படிக் காய்ச்சுதுன்னா கேக்கறீங்க? தேனீ எங்கிருந்தாவது கொண்டாந்திருக்கும். அது எங்க போகுது எங்க வருதுன்னு நாம பாத்துட்டா இருக்கோம்? போட்டோ எடுத்து இந்துவுக்கு அனுப்பினேன். இதயம் ஒண்ணு அனுப்பியிருந்தா, சிவப்பா. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்லை. அங்க பனிக்காலமோ என்னமோ.

பூவக்காவைப் பையன் வந்து வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். மேல தனியா இருக்க வேண்டாம், வயசாயிருச்சுன்னு. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. பீரோ ஏத்தற சத்தம், பாத்திரம் ஏத்தற சத்தம். நான் டிவியைக் கொஞ்சம் பெருசா வெச்சுக்கிட்டேன். கடைசியில என்ற கேட்டுல ஆரோ ரொம்ப நேரமா நின்ன மாதிரி இருந்துச்சு. அடுப்புல குக்கர் இருக்குது, எப்படிங்க போறது? மூணு விசில் வரணும்ல. வந்து பாத்தா வண்டி வளைவுல திரும்புது.

அன்னைக்குச் சோறு குழைஞ்சு கூழாயிருச்சு.

அதோ குடை தெரியுது, பெள்ளியண்ணன்தான். அண்ணா, இங்க! வீடு பாக்கத் தம்பி வந்திருக்குது! இவருதாங்க, வாரத்துக்கு மூணு நாளு அந்த வீட்டைத் திறந்துட்டு உள்ள போறவர். வீட்டுக்குக் காத்து விடறாராம். இருங்க, நானும் வரேன். அந்தக் கேட்டைத் தாண்டி ரெண்டு வருசமாச்சு. ஆனா உங்களுக்கு என்ன பாக்கத் தெரியும்? ஆம்பளைங்க பேன் சுத்துதான்னு பாத்துட்டு வந்துருவீங்க.

பாத்து, பாசி வழுக்கும். பாருங்க, வீட்டை எப்படி வெச்சிருக்காங்க! போறதுக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சுட்டே போயிருக்காங்க. குறை சொல்ல முடியாது. இது சமையக்கட்டு. இந்தக் கதவு கொல்லைக்கு. வாங்க, துவைக்கற கல்லு இந்தப் பக்கம்தான் இருக்கும்.

இது என்னது?

பெள்ளியண்ணா, இது என்னது?

நீங்க ஏண்ணா தலையைக் குனியறீங்க?

தம்பி, இது என்ற செடிங்க. அடித்தண்டுல இந்த வெட்டைப் பாருங்க, முதல் வருசம் கவாத்து பண்ணும்போது என்ற கத்தி தவறிப் பட்டது. நீல டிரம்மைப் பாதியா அறுத்து அதுல வெச்சிருக்காங்க. பைன் இலை பாருங்க, என்ற தொட்டியில கூட இத்தனை மொத்தமா இல்லை. மழைத்தண்ணிக் குடம், மூடி போட்டு. கொசுவலை போத்தியிருக்காங்க குருவிக்கு. எத்தனை காயி! அடப் பாவிங்களா, எத்தனை காயி!

காத்து விடத்தான் வரீங்கன்னு சொன்னீங்களேண்ணா. இதுக்குத் தண்ணி ஊத்தத்தானா?

என்ன சொன்னாங்க? திருப்பிச் சொல்லுங்க. "பழுத்ததும் பறிச்சுச் சுலோ கேட்டுல வெச்சுரு. நான் குடுத்தேன்னு சொல்லாத. இந்து வந்தா குழந்தைக்கு ஆகும்." அப்படியா சொன்னாங்க? அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரையும் அவங்கதானா? வாளிச் சத்தத்துக்கு நான் கதவு திறக்கலைன்னு உங்க கடைக்கு ஓடி வந்தாங்களா? நீங்க ஏண்ணா ஒரு வார்த்தை சொல்லலை?

என்னங்க தம்பி? வீடு பூராவும் அடிச்சுட்டு இந்த மூலையை மட்டும் ஏன் விட்டுட்டாங்கன்னா?

கறுப்பா, பாசியும் பூசணமுமா நிக்குது பாருங்க. பக்கத்துச் சுவரு எப்படிப் பளிச்சுன்னு இருக்குது. மழை பெஞ்சா சுவத்துல இருக்கற சுண்ணாம்பு வழிஞ்சு செடிக்கு எறங்கிருமில்லீங்க? அதுக்குத்தான் விட்டிருக்காங்க. நோம்பிக்கு நோம்பி தூணுக்கும் துரும்புக்கும் அடிக்கற கையி இந்த மூலைக்கு மட்டும் வரலை. சித்த இருங்க தம்பி. அந்தக் கல்லு மேல உக்காந்துக்கறேன்.

பூவக்கா பையனோட நம்பரு உங்ககிட்ட இருக்குமே, வாடகைக்குப் பேசினீங்கல்ல. போடுங்க. என்கிட்டயும் இருக்குது, விரலு போக மாட்டேங்குது. எத்தனை பேருக்கு நான் லைன் போட்டுக் குடுத்திருக்கேன், எனக்கு நீங்க ஒண்ணு போட்டுக் குடுங்க.

அடிக்குதா? குடுங்க.

ஹலோ. தம்பி, அம்மாகிட்ட குடு சாமி. ஆருன்னு சொல்ல வேண்டாம், சும்மா குடு.

...

பேச்சு வர மாட்டேங்குது தம்பி. இருமல்தான் வருது.

...

ஆமாங்க்கா. நாந்தான். எந்திரிச்சாச்சு. ஆமா, இப்பத்தான். அழுகலை, சளி. உங்க கொல்லையிலதான் நிக்கறேன். பாத்தேன். அந்த மூலையையும் பாத்தேன். வீடு பாக்க வர்றவங்க என்னக்கா நினைப்பாங்க, இப்படி அரைகுறையா விட்டுட்டுப் போயிருக்கீங்க?

இல்லக்கா. இந்து வரலை.

அன்னைக்கும் அவ வர்றதா இல்லைங்க்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பையைத் தூக்கிட்டுப் போனேன்.

பழுத்திருக்குங்க்கா. ரெண்டு பக்கமும் பழுத்திருக்கு. நான் ஒருத்தி எத்தனை திங்க முடியும்? நீங்க எப்ப வர்றீங்க?

அக்கா? லைன்ல இருக்கீங்களா?

தம்பி, இந்த வீடு உங்களுக்கு வேண்டாங்க. ஓதம் ஏறும்.